ஓடுவதும் நிலைப்பதும்: லினக்ஸில் இணையவழிப் பாத்திர ஆட்டங்கள்

லினக்ஸில் விளையாட்டுகளைப் பற்றி எழுதுவோர் இன்னமும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்: எத்தனை ஆட்டங்கள் ஓடுகின்றன? 2018 ஆகஸ்டில், ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் இயக்கும் புரோட்டானை வெளியிட்டபோது அதன் அங்கீகாரப் பட்டியலில் 27 ஆட்டங்களே இருந்தன. இன்று ஸ்டீம் கடையில் உள்ளவற்றில் பெரும்பகுதி, எந்தத் திருத்தமும் செய்யாமலே லினக்ஸில் திறக்கிறது. எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பெழுதுவதென்றால் வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை ஓடுவதைத்தான் அளக்கிறது, நிலைப்பதை அளப்பதில்லை. ஒரு தளத்தின் தகுதியை நிலைப்பில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பார்ப்பதற்கு இணையவழிப் பாத்திர ஆட்டங்களைவிடக் கடுமையான தேர்வுக்களம் இல்லை.

தனியாள் ஆடும் கதையாட்டம் ஒன்றை முடித்து வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அது திறக்காமல் போனாலும் இழப்பு சிறிது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 முதல் நடந்துகொண்டிருக்கிறது. கில்டு வார்ஸ் 2 என்பது 2012இல் வந்தது. ஃபைனல் ஃபேன்டசி 14 தன் இப்போதைய வடிவை 2013இல் எடுத்தது. இவற்றில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் உண்டு. பேட்ச் இறங்கும், இறங்கிய மாலையே கில்டு எனும் ஆட்டக்குழு ரெய்டு எனும் கூட்டுப் போருக்குக் கூடும். அன்று உள்ளே நுழைய முடியாதவருக்கு, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் பத்து நாளில் திருத்தப்பட்டுவிடும் என்ற செய்தி பயன்படாது. ஆகவே இந்த வகை ஆட்டம், தொழில்நுட்பத்தின் திறமையோடு அதன் பொறுப்பையும் சோதிக்கிறது.

முதலில் பழைய கொள்கையை எடைபோடுவோம். லினக்ஸுக்கென்றே தொகுக்கப்பட்ட சொந்த வடிவம்தான் உயர்ந்தது, மற்றதெல்லாம் தற்காலிக ஒட்டு என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையின் அறத்தை நான் மதிக்கிறேன். அதன் பலன்களை மதிக்க முடியவில்லை. கலிபோர்னியாவில் 1998இல் தொடங்கிய லோகி நிறுவனம் சிவிலைசேஷன்: கால் டு பவர், ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 போன்றவற்றை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது, 2002 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே பணியாற்றிய சாம் லான்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் நூலகம் மட்டும் இன்றுவரை எண்ணற்ற ஆட்டங்களுக்கு அடித்தளமாக நிற்கிறது. நிறுவனம் தோற்றது, கருவி வென்றது. ஈவ் ஆன்லைன் 2007 நவம்பரில் லினக்ஸுக்கு அதிகாரபூர்வ வடிவம் ஒன்றைத் தந்தது. 2009இலேயே அதைக் கைவிட்டது. அதே ஆட்டத்தின் விண்டோஸ் வடிவம் வைன் வழியாக இன்றும் ஓடுகிறது. கைவிடப்பட்டது எது, பிழைத்தது எது என்று பார்த்தால் போதும்.

பராமரிப்பவர் விலகியதும் சொந்த வடிவம் அழுகத் தொடங்குகிறது. லினக்ஸின் அடிப்படை நூலகங்கள் தம்மேல் கட்டப்பட்டவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. 2022 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.36, செயற்கூறுகளைத் தேட உதவும் பழைய அட்டவணை வடிவம் ஒன்றை இயல்பிருப்பில் சேர்க்காமல் விட்டது. ஈஸி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அந்த அட்டவணையையே நம்பியிருந்ததால் சில ஆட்டங்கள் ஒரே புதுப்பிப்பில் நின்றுபோயின. இரு தரப்பும் தத்தம் நியாயத்தைச் சொன்னார்கள். ஆடுபவருக்கு இரண்டாலும் பயனில்லை. லினக்ஸில் மாறாமல் நிற்கும் இடைமுகம் மைக்ரோசாஃப்டின் வின்32தான் என்று நிரலாளர்கள் சொல்வது இத்தகைய அனுபவங்களின் சாரம். விதிவிலக்குகளையும் சொல்லியாக வேண்டும். வெண்டெட்டா ஆன்லைன் 2004 முதலும், பெர்லினில் உருவான ஆல்பியன் ஆன்லைன் தொடக்கத்திலிருந்தும் சொந்த லினக்ஸ் வடிவத்தை வைத்திருக்கின்றன. இரண்டிலும் ஆட்டத்தைச் செய்தவர்களே லினக்ஸ் வடிவத்தையும் அன்றாடம் பராமரிக்கிறார்கள். அந்த நிலை வாய்த்தால் சொந்த வடிவம் சிறந்ததுதான். வாய்ப்பது அரிது என்பதே வரலாறு.

இனி புரோட்டான். இதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் வால்வின் கொடையாக எழுதுகிறார்கள். அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. வைன் திட்டம் 1993இல் தொடங்கியது; அடுத்த ஆண்டிலேயே அலெக்ஸாந்தர் ஜூலியார் அதன் பொறுப்பை ஏற்றார்; 1.0 என்ற எண்ணை அது எட்டியது 2008இல். பதினைந்து ஆண்டுகள் முழுமை என்று சொல்லிக்கொள்ளாமல் உழைத்த திட்டம் அது. அந்த நிதானம்தான் இன்றைய வெற்றியின் முதல் காரணம். இரண்டாவது காரணம் ஒரு தனிமனிதர். பிலிப் ரெபோலே, நியர்: ஆட்டோமாட்டாவை லினக்ஸில் ஆட விரும்பி, விண்டோஸின் வரைகலை முறையான டைரக்ட்எக்ஸ் 11இன் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற அடுக்கை எழுதத் தொடங்கினார். அதுவரை வைன் அக்கட்டளைகளை ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றிவந்தது, மெதுவாகவும் பிழையோடும். வார்கிராஃப்டை லினக்ஸில் ஆடியவர்கள் பல ஆண்டுகள் அதன் ஓபன்ஜிஎல் முறையை ஒரு கட்டளைச் சொல்லால் இயக்கித்தான் தப்பித்தார்கள். டிஎக்ஸ்விகே வந்தபின் அந்தச் சுற்றுவழிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. வால்வ் செய்தது, இவ்விரண்டையும் கண்டுகொண்டு, ஊதியம் கொடுத்து, ஒன்றாகக் கட்டியது. அது சிறு செயல் அல்ல. ஆனால் சரியான பெயரில் பதிய வேண்டிய செயல்.

முறை என்ற அளவில் புரோட்டானின் பெருமை வேகத்தில் இல்லை, இசைவில் இருக்கிறது. ஒரு தடை வரும்போது அதை ஆட்டத்துக்கு ஆட்டம் ஒட்டுப்போட்டுக் கடப்பது பழைய வழக்கம். இந்த முயற்சி தடையை அதன் பிறப்பிடத்தில் போய்த் தீர்க்கிறது. விண்டோஸ் ஆட்டங்கள் தம் நூலிழைகளை ஒத்திசைக்கும் விதத்தை லினக்ஸில் போலிசெய்வது நெடுநாள் தலைவலி. முதலில் ஈசிங்க், பிறகு எஃப்சிங்க், பிறகு லினக்ஸின் கருநிரலான கெர்னலின் 5.16 பதிப்பில் அதற்கெனவே ஓர் அமைப்பழைப்பு, இறுதியாக 2025இல் கெர்னல் 6.14இல் முழுமைபெற்ற என்டிசிங்க் என்று நான்கு படிகளில் அது ஏறியது. ஒவ்வொரு படியும் முந்தையதன் குறையை ஒப்புக்கொண்டு எழுந்தது. கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது. அதற்காக ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையே 2019இல் வளைந்துகொடுத்தது. வைன் நூலகங்களைத் தாண்டி நேரடியாக விண்டோஸ் அமைப்பழைப்பை விடுக்கும் ஆட்டங்களுக்காகக் கெர்னல் 5.11இல் ஒரு வழி திறக்கப்பட்டது. இப்படி மேலோட்டமான தீர்வை மறுத்து அடித்தளத்தைத் திருத்தும் ஒழுக்கம் மென்பொருள் உலகில் அடிக்கடி காணக்கிடைப்பதில்லை. 2022இல் எல்டன் ரிங் வெளியானபோது அதன் தடுமாற்றத்தைக் குறைக்கும் திருத்தத்தை வால்வ் பொறியாளர்கள் லினக்ஸ் பக்கத்தில் உடனே செய்தார்கள். விண்டோஸில் அதே குறை பேசப்பட்டுக்கொண்டே இருந்தது.

இந்த நிறைகளை முழு மனதோடு ஏற்றுக்கொண்டுதான் குறைகளுக்கு வருகிறேன். பாத்திர ஆட்டங்களைக் கொண்டு சோதிக்கும்போது அவை தெளிவாகின்றன.

ஷேடர் தடுமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு புதிய பரப்போ ஒளியோ முதன்முறை தோன்றும்போது அதற்கான ஷேடரைத் தொகுக்க வேண்டியிருக்கிறது; அந்தக் கணத்தில் படம் நின்று நகர்கிறது. ஸ்டீம் இதற்கு ஒரு நல்ல விடை கண்டது: ஷேடர்களை முன்கூட்டியே திரட்டி ஆடுபவரின் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. ஆனால் வார்கிராஃப்ட் ஸ்டீமில் இல்லை. எனவே அந்த வசதி அதற்கு இல்லை. மேலும் பாத்திர ஆட்டத்தின் பெருநகரங்களில் நூறு பேர் நூறு விதக் கவசங்களில் நிற்பார்கள். தடுமாற்றம் மிகுதியாக வருமிடம் அதுதான். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, ஷேடர்களைப் பகுதி பகுதியாக முன்னமே தொகுக்கும் வல்கன் நீட்டிப்பைப் பயன்படுத்தி இதைப் பெரிதும் தணித்தது. அந்த நீட்டிப்பை ஆதரிக்கும் டிரைவர் வேண்டும் என்பது நிபந்தனை. ஏஎம்டி அட்டைகளில் திறமூல ஆர்ஏடிவி டிரைவரும், அதற்கென வால்வ் நிதியளித்த ஏசிஓ தொகுப்பியும் இத்துறையின் மிக நேர்த்தியான வேலைகள். என்விடியா அட்டைகளில் டைரக்ட்எக்ஸ் 12 ஆட்டங்கள் விண்டோஸைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு பின்தங்குவது இன்றும் நீடித்த புகார். சந்தையில் பெரும்பங்கு வைத்திருக்கும் அட்டையில் தோன்றும் குறையை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது.

அடுத்தது லாஞ்சர். ஆட்டம் நன்றாக ஓடும். அதைத் திறக்கும் சிறு சாளரம் ஓடாது. ஃபைனல் ஃபேன்டசி 14இன் அதிகாரபூர்வ லாஞ்சர் வைனில் நெடுங்காலமாகத் தொல்லை தந்துவருகிறது. தன்னார்வலர்கள் எழுதிய எக்ஸ்ஐவிலாஞ்சர் அதைவிட வேகமானது, நம்பகமானது; லினக்ஸில் அதையே பெரும்பாலோர் நாடுகிறார்கள். ஆனால் அந்த ஆட்டத்தின் பயனர் ஒப்பந்தம் வெளியார் கருவிகளைத் தடைசெய்கிறது. அதாவது, லினக்ஸில் சீராக ஆடும் வழி ஒப்பந்தத்தின் எழுத்துக்கு வெளியே இருக்கிறது. நிறுவனம் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதால் அது உரிமை ஆகிவிடாது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் நிலைமை சற்று மேல்: ஜாவாவில் எழுதப்பட்ட வெளியார் கருவியான ரூன்லைட் லினக்ஸில் இயல்பாகவே ஓடுகிறது, 2018இல் நிறுவனம் முதலில் அதை நிறுத்தச் சொல்லி, எதிர்ப்புக்குப் பின் ஏற்றுக்கொண்டது. ஏற்பு கிடைத்த கருவி வளர்ந்தது.

ரெய்டில் குரலும் ஒரு கருவி. வேலேண்ட் திரைமுறையில், பின்னணியில் இருக்கும் நிரல் விசையழுத்தத்தைக் கேட்க முடியாது. பாதுகாப்புக் கோணத்தில் இது சரியான வடிவமைப்பு. ஆனால் விசையை அழுத்திப் பேசும் வழக்கமுள்ள குழுவில், ஆட்டச் சாளரம் முன்னால் இருக்கும்போது குரல்நிரல் செவிடாகிவிடுகிறது. கேடிஈ பிளாஸ்மா 2023இல் இதற்கு ஒரு விருப்பத்தேர்வைத் தந்தது. பொதுத் தீர்வான குறுக்குவிசை வாயிலை நிரல்கள் மெதுவாகத்தான் ஏற்கின்றன. சிறு குறைதான். எனினும் நாற்பது நிமிடப் போரில் மருத்துவர் பாத்திரம் ஏற்றவருக்கு அது சிறிதாகத் தெரியாது.

மேலே சொன்னவை எல்லாம் உழைத்தால் தீர்பவை. இனி வருவது அப்படிப்பட்டதல்ல; இந்தத் திறனாய்வின் மையமும் அதுவே.

2006 நவம்பரில், சிடேகா என்ற வைன் வழிவந்த அடுக்கில் வார்கிராஃப்ட் ஆடிய சிலரின் கணக்குகளை, அந்த ஆட்டத்தின் நிறுவனமான பிளிசார்டின் தானியங்கித் தணிக்கை முடக்கியது. அவர்கள் ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் நிறுவனம் முடக்கத்தை நீக்கியது. அந்நாளில் அது ஒரு விபத்து, திருத்தவும் பட்டது. இன்று விலக்கல் ஒரு கொள்கை. 2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் புரோட்டானை ஆதரிக்கத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. பூட்டுத் திறக்கும் சாவி அன்றே செய்யப்பட்டுவிட்டது. ஆனால் ஆட்டத்தை வெளியிடுபவர் கையில் அது கொடுக்கப்பட்டது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2022இல் திறந்தது, 2024 அக்டோபர் 31இல் மூடியது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐயைச் சேர்த்தபோது லினக்ஸ் ஆதரவை இயக்காமல் விட்டது. டெஸ்டினி 2 ஒருபடி மேலே போய், லினக்ஸில் இயங்கும் வால்வின் கைக்கணினியான ஸ்டீம் டெக்கில் தடையைக் கடக்க முயல்வோரின் கணக்கு முடக்கப்படும் என்று எச்சரித்தது.

வெளியீட்டாளர் தரப்பை நியாயமாகக் கேட்போம். துப்பாக்கி ஆட்டத்தில் எதிரி எங்கே நிற்கிறான் என்ற செய்தி ஆடுபவரின் கணினிக்கு முன்கூட்டியே வந்தாக வேண்டும். சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் காட்டும் ஏமாற்று நிரல் அங்கே பிறக்கிறது. அதைப் பிடிக்கத் தடுப்பு நிரல் கெர்னலுக்குள் இறங்க வேண்டும் என்கிறார்கள். லினக்ஸிலோ கெர்னலையே எவரும் மாற்றித் தொகுத்துக்கொள்ளலாம்; அந்த மேற்பார்வைக்கு அங்கே உறுதியான தரை இல்லை. இந்த வாதத்தில் தொழில்நுட்ப உண்மை இருக்கிறது. அதை லினக்ஸ் ஆர்வலர்கள் கேலியாக ஒதுக்குவது நேர்மையன்று.

ஆனால் இந்த வாதம் பாத்திர ஆட்டத்துக்குப் பொருந்துமா? வார்கிராஃப்டிலோ கில்டு வார்ஸ் 2இலோ அடியின் அளவு, கிடைக்கும் பொருள், கையிருப்புப் பொன் எல்லாவற்றையும் சர்வர் கணக்கிடுகிறது. ஆடுபவரின் கணினி விருப்பத்தைத் தெரிவித்து விடையைக் காட்டுகிறது. குறி வைக்கும் துல்லியம் அங்கே பெரிதாக ஒன்றும் தருவதில்லை. தானாக ஆடும் பாட்கள் உண்டு. அவற்றின் தடயம் நடத்தையில், சர்வரின் பதிவுகளில் கிடைக்கும். ஆகவே கெர்னல் காவல் இந்த வகையின் இயல்புத் தேவை அல்ல. லினக்ஸ் பயனர்கள் வார்கிராஃப்டையும் கில்டு வார்ஸையும் ரூன்ஸ்கேப்பையும் நாடுவதை வெறும் ரசனை என்று கருதுவோர் இந்தக் கட்டமைப்புக் காரணத்தைக் காணத் தவறுகிறார்கள். கணக்கைச் சர்வரிடம் வைத்துக்கொண்ட ஆட்டம், ஆடுபவரின் கணினியை வேவு பார்க்க வேண்டியதில்லை. அதனால் அந்தக் கணினி எதுவாகவும் இருக்கலாம்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு, அதை மறைப்பது முறையல்ல. கொரிய, ஜப்பானியப் பாத்திர ஆட்டங்கள் பலவும் என்புரொடெக்ட் கேம்கார்டு, எக்சைன்கோடு போன்ற காவல் நிரல்களோடே வந்தன; அவை வைனுக்கு நீண்ட காலம் மூடிய கதவுகள். ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் 2 அப்படித்தான் பல ஆண்டுகள் இருந்தது. டெஸ்டினி 2 தன்னைப் பாத்திர ஆட்டமாகவும் காட்டிக்கொள்கிறது. ஆனால் அதன் உயிர் துப்பாக்கியில். முதல் வகையில் காரணம் வழக்கம், இரண்டாவதில் காரணம் இயக்கவிதி. என் வாதம் இவற்றால் குறுகுகிறது, உடையவில்லை: கெர்னல் காவல் இல்லாமல் பாத்திர ஆட்டம் நடத்த முடியும் என்பதற்கு இருபதாண்டு வார்கிராஃப்டே சான்று.

அனுமதிக்குக் கையேந்தாத ஆட்டங்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ரைசம் தன் மூலநிரலை 2010இல் திறந்தது; கலைப்படைப்புகளையும் பகிர உரிமை தந்தது. பிளேன்ஷிஃப்ட் தொடக்கத்திலிருந்தே தன்னார்வ உழைப்பு. கொள்கை அளவில் இவை முதல் மதிப்பெண் பெறும். எந்த வெளியீட்டாளரும் ஓர் இரவில் இவற்றைப் பறித்துவிட முடியாது. ஆட்டம் என்ற அளவில் அந்த மதிப்பெண்ணை என்னால் தர இயலாது. ரைசமின் சூழலியல் கற்பனை தனித்தன்மை உடையது. இடம்பெயரும் விலங்குகள், மாறும் பருவங்கள் என்று அதன் உலகம் உயிரோடு இருக்கிறது. ஆனால் மக்கள் கூட்டம் இல்லாத பெருநகரம் பாத்திர ஆட்டத்தின் அடிப்படை இன்பத்தையே இழந்தது. பிளேன்ஷிஃப்டின் அசைவும் போரும் எப்போதும் முற்றுப்பெறாத வரைவாகவே தோன்றின. விடுதலை ஒரு தேவையான பண்பு. அது கலைக் குறையை ஈடுகட்டும் பண்பு அல்ல.

மதிப்பீட்டு முறைகளையும் மதிப்பிட வேண்டும். புரோட்டான்டிபி தளத்தில் பயனர்கள் தரும் பிளாட்டினம், தங்கம், வெள்ளித் தரங்கள் பெரும்பயன் உடையவை. துறைக்கு அதுவே நினைவகம். ஆனால் ஒரு மாலை ஆடியவரின் சான்றும் ஒரு பருவம் முழுதும் ஆடியவரின் சான்றும் அங்கே ஒரே எடை பெறுகின்றன. ஸ்டீம் டெக்கின் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரை விசைகள், எழுத்தளவு, திறக்கும் எளிமை ஆகியவற்றைப் பார்க்கிறது; கூட்டத்தின் நடுவே படம் தடுமாறுகிறதா, பேட்சுக்குப் பின் கதவு திறக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரண்டும் தொடக்கத்தை அளக்கும் கருவிகள்.

தீர்ப்பு இது. சர்வர் அதிகாரத்தில் இயங்கும் பாத்திர ஆட்டங்களுக்கு லினக்ஸ் இன்று தகுதியான தளம். ஏஎம்டி அட்டை உள்ளவர் தயங்க வேண்டியதில்லை, என்விடியா அட்டை உள்ளவர் ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். கெர்னல் காவல் கேட்கும் போட்டி ஆட்டங்களுக்கு லினக்ஸைப் பரிந்துரைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும். புரோட்டான் பொறியியலில் முதல் தரச் சாதனை. ஆனால் அதன்மேல் நிற்கும் ஆட்டவாழ்வு இன்னும் பிறர் தயவில் நடக்கிறது. 2025இல் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு மூன்று சதவீதத்தைத் தாண்டியதைக் கொண்டாடுவதைவிட, அந்தப் பங்கைக் காட்டி வெளியீட்டாளரிடம் எழுத்துபூர்வ உறுதி கேட்பதே இப்போது செய்யத்தக்கது: சந்தா வாங்கும் ஆட்டம் எந்தத் தளத்தில், எவ்வளவு காலம், எத்தனை நாள் முன்னறிவிப்போடு ஆதரிக்கப்படும் என்ற உறுதி. மாதக் கட்டணம் வசூலிக்கும் நிறுவனத்திடம் அதைக் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.